பத்து மணி நேரம் தரையில் அமர்ந்திருக்கும் உடம்புக்கு எது பயிற்சி?

கேள்வி: எனக்கு வயது 44. செவ்வாய்ப்பேட்டையில் சொந்தமாகக் கொலுசுப் பட்டறை வைத்து, நான்கு பேரோடு நானும் உட்கார்ந்து வேலை செய்கிறேன். காலை ஒன்பது மணிக்குத் தரையில் அமர்ந்தால் இரவு எட்டு வரை, சாப்பாட்டு நேரம் தவிர, எழுந்திருப்பது அரிது. உயரம் 168 செ.மீ., எடை 84 கிலோ. ஜனவரியில் ஓராண்டுக் கட்டணம் கட்டி ஜிம்மில் சேர்ந்து பதினேழு நாள் போனேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சைக்கிளில் ஏறப் புறப்பட்டு, ஏழாவது வளைவிலேயே முடியாமல் திரும்பி, முழங்கால் வலியோடு நான்கு நாள் படுத்துக் கிடந்தேன். ஆறேழு மாதமாக விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. கைபேசியில் வெள்ளி விலையைப் பார்த்தபடி கிடக்கிறேன். பகலில் ஏழெட்டு டீ குடித்துத்தான் வேலை ஓடுகிறது. பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறேன். முன்பு மாதத்துக்கு இரண்டு ஞாயிறாவது மகனை மூக்கனேரிக்கு அழைத்துப் போவேன். இப்போது அதிலும் பிடிப்பில்லை. மனது சரியானதும் உடற்பயிற்சியைத் தொடங்கலாம் என்று பார்த்தால் அந்த நாள் வருவதாக இல்லை. இது நோயா, சோம்பேறித்தனமா? எந்த உடற்பயிற்சி எனக்குச் சரிப்படும்? அப்பாவுக்கு 58 வயதில் மாரடைப்பு வந்தது. தூக்கத்துக்காக வாரத்தில் மூன்று நாள் இரவு கொஞ்சம் மது எடுத்துக்கொள்கிறேன். மற்றபடி கெட்ட பழக்கம் எதுவும் இல்லை.

– ஒரு வாசகர், குகை, சேலம்

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை அது உடற்பயிற்சி பற்றிய கேள்வியாகத் தெரிந்தது. இரண்டாம் முறை படித்தபோது, மூன்று மணி விழிப்பும், கடைசி வரியில் போகிற போக்கில் நீங்கள் சொல்லிவிட்டுப் போன மது விஷயமும் முன்னால் வந்து நின்றன. இரண்டையும் பற்றி எழுதுகிறேன். ஆனால் நீங்கள் கேட்ட வரிசையிலேயே தொடங்குகிறேன்.

சோம்பேறித்தனம் என்ற சொல்லை முதலில் கீழே வைத்துவிடுங்கள். நாளுக்குப் பத்து மணி நேரம் கண்ணிமைக்காமல் பற்றவைப்பு வேலை பார்க்கும் ஒருவரை அந்தச் சொல்லால் அழைக்க எனக்கு வாய் வரவில்லை. உங்கள் உடம்பில் நடப்பது வேறு. கண்ணும், விரல்களும், கழுத்தும், தோளும் அளவுக்கு மீறி உழைக்கின்றன. தொடையும், பிட்டத் தசையும், இதயமும், நுரையீரலும் ஏறக்குறைய வேலையே இல்லாமல் கிடக்கின்றன. அதனால்தான் இரவில் ‘அடித்துப்போட்டது போல’ களைப்பாக இருந்தும் அந்தக் களைப்பு நல்ல தூக்கத்தைத் தருவதில்லை. தொடைத் தசைகள் உடம்பின் மிகப் பெரிய தசைகளில் சேர்ந்தவை. அவை சுருங்கி விரியும்போது இன்சுலினை எதிர்பார்க்காமலேயே இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்ளும் வழி அவற்றுக்கு உண்டு. காலை ஒன்பது முதல் இரவு எட்டு வரை அந்த வழியை நீங்கள் மூடி வைத்திருக்கிறீர்கள்.

இதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது 1953இல் வெளியான ஓர் ஆய்வு. லண்டனின் இரண்டடுக்குப் பேருந்துகளில் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் ஒப்பிட்டுப் பார்த்தார். இருவருக்கும் வண்டி ஒன்றுதான், நகரமும் ஒன்றுதான். ஆனால் நாளெல்லாம் உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களைவிட, பயணச்சீட்டுக் கொடுப்பதற்காக மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருந்த நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக வந்தது. அந்த நடத்துநர்கள் யாரும் உடற்பயிற்சி செய்வதாக நினைத்துப் படியேறவில்லை, வேலைக்காகத்தான் ஏறினார்கள். நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பதும் இதிலிருந்தே வருகிறது. நாளின் ஓரத்தில் ஒரு மணி நேரத்தை வெட்டி எடுத்து அதை உடற்பயிற்சிக்கென்று ஒதுக்கும் திட்டம் உங்களிடம் இரண்டு முறை தோற்றுவிட்டது. மூன்றாம் முறையும் அதே திட்டத்தைப் போட வேண்டாம். பட்டறைக்குள்ளேயே, வேலைக்கு நடுவிலேயே உடம்பை அசைக்கும் வழியைப் பாருங்கள்.

உங்களிடம் நாற்காலிக்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. தரையில் அமர்பவர் ஒவ்வொரு முறை எழும்போதும் தன் உடல் எடை முழுவதையும் கீழிருந்து மேலே தூக்குகிறார். ஜிம்மில் அதையே பணம் வாங்கிக்கொண்டு செய்யச் சொல்வார்கள். உங்கள் குறை, அதை நாளுக்கு மூன்று நான்கு முறை மட்டுமே செய்வது. வெள்ளி வேலையில் எடை போடாமல் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது, இல்லையா? அந்தத் தராசு இப்போது உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். அதை அதே அறையில், உங்கள் கண் பார்வையிலேயே, எதிர்ச் சுவரோரம் ஒரு மேசை மீது வையுங்கள். தண்ணீர்க் குடத்தையும் கைபேசியையும் அங்கேயே வையுங்கள். இனி ஒவ்வொரு எடைக்கும், ஒவ்வொரு மிடறு தண்ணீருக்கும், ஒவ்வொரு அழைப்புக்கும் எழுந்தாக வேண்டும். அரை மணிக்கு ஒரு முறை எழுந்தாலும் மாலைக்குள் இருபது முறை ஆகிவிடும்.

எழும் முறையில் கொஞ்சம் கவனம் வேண்டும், குறிப்பாக உங்கள் முழங்கால் ஏற்கனவே முறையிட்டிருப்பதால். சம்மணத்தைப் பிரித்து முதலில் கால்களை நீட்டி, கணுக்காலை நான்கைந்து முறை மடக்கி நீட்டுங்கள். பிறகு ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, மற்றப் பாதத்தை முன்னே முழுவதுமாகப் பதித்து, முன்தொடை மீது கைகளை அழுத்தி, குதிகாலில் பாரம் இறங்கும்படி எழுந்திருங்கள். அடுத்த முறை காலை மாற்றிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் சுவரையோ ஒரு முக்காலியையோ பிடித்துக்கொண்டு எழுந்தால் குற்றமில்லை. வலி குறைந்த பிறகு, காலையில் வேலை தொடங்கும் முன்பும் மதியச் சாப்பாட்டுக்கு முன்பும் இதையே தொடர்ந்து எட்டு முறை செய்யலாம். தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வாரத்தில் இரண்டு நாளாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதற்கு இது நல்ல தொடக்கம். இதோடு சுவரில் கை ஊன்றி நெஞ்சை முன்னே கொண்டு போய்த் திரும்புவதையும் சேர்த்துக்கொண்டால், முன்பக்கம் வளைந்தே இருக்கும் தோள்களுக்கு ஒரு மாற்று கிடைக்கும்.

உட்காரும் முறையையும் மாற்றுங்கள். வெறும் தரையில் சம்மணமிட்டால் இடுப்பு பின்னுக்குச் சரிந்து முதுகு வில்லாக வளையும். நான்கு விரற்கடை உயரமுள்ள மணைப் பலகை ஒன்றில் கெட்டியான திண்டு போட்டு அமர்ந்தால் முழங்கால்களைவிட இடுப்பு சற்று உயர்ந்து முதுகு தானாக நிமிரும். வேலைப் பலகையையும் அதற்கேற்ப உயர்த்துங்கள்; சலங்கையைக் கண்ணுக்கு அருகில் கொண்டுவர வேண்டுமே தவிர, தலை சலங்கையை நோக்கிக் குனியக் கூடாது. நாற்பது வயது கடந்து, கிட்டத்து வேலைக்குக் கண்ணாடி போடாமல் குனிந்தே சமாளிப்பவர்களை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். கழுத்து வலிக்கு மாத்திரை கேட்டு வரும் அவர்களில் பலருக்குத் தேவைப்படுவது கண் பரிசோதனை.

பட்டறை பற்றிய பேச்சிலேயே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பற்றவைக்கும் கலவையில் காட்மியம் இருந்தால் அதன் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். கலவை விற்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, காட்மியம் இல்லாததையே வாங்குங்கள். எதுவாக இருந்தாலும் புகையை வெளியேற்றும் விசிறி ஓட வேண்டும். இது உங்களுக்கு மட்டுமல்லாமல் அங்கே அமர்ந்திருக்கும் மற்ற நால்வருக்கும் சேர்த்துத்தான்.

அடுத்தது நடை. குகையிலிருந்து செவ்வாய்ப்பேட்டை பக்கத்துப் பேட்டைதான். அந்த நெரிசலில் வண்டியை உருட்டிக்கொண்டு போவதற்குப் பதில் காலையில் நடந்து போய்விட்டு, இரவும் நடந்தே திரும்புங்கள். வாரத்தில் ஆறு நாள் அப்படி நடந்தால், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு வேண்டும் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் பெரும்பகுதி அதிலேயே சேர்ந்துவிடும். ஒரு வேளைக்குப் பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கில் சேரும் என்று முன்பு வைத்திருந்த நிபந்தனையை 2020 வழிகாட்டுதலில் அந்த நிறுவனம் எடுத்துவிட்டது. ஆகவே தராசுக்குப் போய்வரும் நடையும் வீண் போகாது. வேகம் எவ்வளவு என்பதற்குக் கருவி வேண்டாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பத்தாயிரம் அடி நடக்காவிட்டால் பயனில்லை என்று யாராவது சொன்னால் கவலைப்படாதீர்கள். 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானிக்கு ‘பத்தாயிரம் அடி மானி’ என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். அந்த எண் பரவியது அந்த விற்பனைப் பெயரிலிருந்து. அதற்குக் குறைவான நடையிலேயே நல்ல பலன் தெரியத் தொடங்குகிறது.

இந்த இடத்தில் என் குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நானே பல ஆண்டுகள் விடியற்காலையில் காரில் அடிவாரம் வரை போய், அங்கே மரநிழலில் அரை மணி நேரம் நடந்துவிட்டுக் காரிலேயே திரும்பியவன். நடந்த நேரத்தைவிடக் காரில் உட்கார்ந்திருந்த நேரம் அதிகம் என்பதை என் மனைவிதான் ஒரு நாள் கணக்குப் போட்டுச் சொன்னார். இப்போது எங்கள் தெருவிலேயே நடக்கிறேன். காற்று அவ்வளவு நன்றாக இல்லை, ஆனால் மழை நாள் தவிர விட்டுப்போவதில்லை.

ஏற்காட்டு ஏற்றத்தைப் பற்றி நீங்கள் வெட்கப்படத் தேவையில்லை. ஏழாவது வளைவில் திரும்பியது அன்று நீங்கள் எடுத்த நல்ல முடிவு. அந்தப் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் இருபது. சேலத்துச் சமவெளியிலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரமுள்ள ஊருக்கு ஏறுகிறீர்கள். வாரம் முழுவதும் அசையாமல் இருந்துவிட்டு ஒரே நாளில் இதயத்தை உச்சத்துக்கு விரட்டுவது, அதுவும் தந்தைக்கு மாரடைப்பு வந்த குடும்பத்தில், ஆபத்தான விளையாட்டு. உங்கள் உயரத்துக்கும் எடைக்கும் உடல் நிறை குறியீடு 29.8 வருகிறது, இந்தியர்களுக்கு 23க்கு மேல் கூடுதல் எடை, 25க்கு மேல் உடல் பருமன் என்றே கணக்கிடுகிறோம். தொப்புளுக்குச் சற்று மேலே டேப் வைத்து இடுப்புச் சுற்றளவை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டக் கூடாது. இந்த வாரமே இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, ஓர் இ.சி.ஜி. ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். தட்டையான பாதையில் நடப்பதற்கு அவற்றின் முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ, இடக்கை அல்லது தாடைக்குப் பரவும் வலியோ, தலைசுற்றலோ வந்தால் மட்டும் அங்கேயே நின்று, தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

இனி அந்த மூன்று மணிக்கு வருவோம். தூக்கத்துக்காகக் குடிக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். மது சீக்கிரம் தூங்க வைக்கும் என்பது உண்மை. ஆனால் சில மணி நேரத்தில் உடம்பு அதைச் செரித்து முடித்ததும், அதுவரை அடங்கியிருந்த மூளை துள்ளி எழுந்துகொள்கிறது. இரவின் பின்பாதித் தூக்கம் துண்டு துண்டாகிவிடுகிறது. பதினோரு மணிக்குப் படுத்தவர் மூன்று மணிக்கு விழிப்பதற்கு இது ஒன்றே போதுமான காரணமாக இருக்கலாம். அது மட்டுமல்ல, மது தொண்டைத் தசைகளைத் தளர்த்தும். உங்கள் எடைக்கு, மூச்சுக்குழல் அடைபட்டுக் குறட்டையும், இடையிடையே மூச்சு நின்று திடுக்கிட்டு விழிப்பதும் இருக்க வாய்ப்புண்டு. இதை உங்களால் கவனிக்க முடியாது. உங்கள் மனைவியிடம் கேளுங்கள். குறட்டை நடுவே சட்டென்று நின்று, பிறகு பெருமூச்சோடு தொடங்குகிறது என்று அவர் சொன்னால் அதற்குத் தனிப் பரிசோதனையும் சிகிச்சையும் உண்டு. விழித்ததும் சிறுநீர் கழிக்கப் போகிறீர்களா என்பதையும் குறித்து வையுங்கள். அது சர்க்கரை நோயைக் காட்டிக்கொடுக்கும் அறிகுறியாக இருக்கக்கூடும். வாரத்தில் மூன்று நாள் கொஞ்சம் என்பது உண்மையிலேயே அவ்வளவுதான் என்றால் நாளையே நிறுத்திவிடலாம். அளவு அதைவிட அதிகம் என்றால், அல்லது நிறுத்திய மறுநாள் கை நடுங்கினால், மருத்துவரிடம் உள்ளபடியே சொல்லி அவர் துணையோடு நிறுத்துங்கள். திடீரென்று விடுவது சிலருக்கு வலிப்பு வரை கொண்டுபோய்விடும்.

டீயும் இதில் பங்காளிதான். குடித்த டீயிலுள்ள காஃபின் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். ஏழெட்டு டீயை மூன்றாக்கி, கடைசி டீயை மூன்று மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். ஒரு டீக்கு இரண்டு கரண்டி சர்க்கரை என்று வைத்தாலும் நாளுக்குப் பதினைந்து கரண்டி சர்க்கரை அதிலேயே உள்ளே போகிறது. உணவைப் பற்றி இன்று இதற்கு மேல் நான் எதுவும் சொல்லப் போவதில்லை; மாலையில் ஒரு தட்டுவடை செட் சாப்பிடுகிறீர்கள் என்றால் அதைப் பிடுங்குவதும் என் நோக்கமில்லை, இரண்டாவது செட்டைத்தான் விடச் சொல்கிறேன்.

விழிப்பு வந்துவிட்டால் இருபது நிமிடம் போல் பாருங்கள். தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் வேறிடத்தில் அமர்ந்திருந்து, கண் சொக்கும்போது திரும்ப வந்து படுங்கள். கைபேசி பட்டறையிலேயே தராசின் பக்கத்தில் தூங்கட்டும். வீட்டில் தேவை என்றால் அடுத்த அறையில். மூன்று மணிக்கு வெள்ளி என்ன விலை காட்டினாலும், அந்த நேரத்தில் நீங்கள் ஒரு கிராம் வாங்கப் போவதுமில்லை, விற்கப் போவதுமில்லை. விலைக் கவலை பொய்யானது என்று நான் சொல்லவில்லை. ஆர்டர் எடுத்த விலைக்கும் வெள்ளி வாங்கும் விலைக்கும் இடையில் மாட்டிக்கொள்ளும் சிறு பட்டறைக்காரரின் பயம் நியாயமானது. அதற்குப் பகலில் ஒரு நேரம் கொடுங்கள். மாலை ஐந்து மணிக்குக் கால் மணி நேரம் நோட்டை எடுத்து, எந்த ஆர்டர், எவ்வளவு வெள்ளி, யாரிடம் முன்பணம் என்று எழுதுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் எழும் நேரம் ஒன்றாகவே இருக்கட்டும்.

மனது சரியான பிறகு உடற்பயிற்சி என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். மனம் சோர்ந்தவர் முதலில் பிடித்தமானவற்றைக் குறைக்கிறார். அவை குறைந்ததால் நாளில் மகிழ்ச்சி தரும் சிறு கணங்களும் குறைகின்றன. அதனால் சோர்வு கூடுகிறது. கூடியதும் இன்னும் சிலவற்றை விடுகிறார். இந்தச் சுழலை அறுக்க மனநல மருத்துவத்தில் நன்கு நிலைபெற்ற ஒரு முறை, விருப்பம் வருவதற்குக் காத்திராமல் செயலை நேரம் குறித்துச் செய்யத் தொடங்குவது. விருப்பம் பெரும்பாலும் பிறகுதான் வந்து சேரும். உங்கள் விஷயத்தில் அந்தச் செயல் எது என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள். வருகிற ஞாயிறு மாலை மகனை அழைத்துக்கொண்டு மூக்கனேரிக்குப் போங்கள். நடுவிலுள்ள மண் திட்டுகளின் மரங்களில் கொக்குகள் வந்து அடைவதைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் இருங்கள். மதிப்பெண் பேச்சு வேண்டாம். பிடிப்பில்லாமலேயே போங்கள், முதல் முறை ஒன்றும் தோன்றாமல் இருந்தாலும் அடுத்த ஞாயிறும் போங்கள்.

ஆனால் ஒன்று. எதிலும் பிடிப்பின்மை, விடியுமுன் விழிப்பு, எரிச்சல் மூன்றும் இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் நீடித்தாலே மனச்சோர்வு நோயா என்று பரிசோதிக்க வேண்டும் என்பது எங்கள் நடைமுறை. உங்களுக்கு ஆறேழு மாதமாகிறது. கடிதத்தை வைத்து நோயின் பெயரைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. நடையும் தூக்க ஒழுங்கும் உதவும் என்றாலும், நேரில் பார்க்கும் மருத்துவரின் இடத்தை அவை எடுத்துக்கொள்ளக் கூடாது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. இரத்தப் பரிசோதனைக்குப் போகும் நாளிலேயே அங்கும் ஒரு சீட்டுப் போட்டுக்கொள்ளலாம். நேரில் போகத் தயக்கமாக இருந்தால், மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள். இன்னொன்றையும் நேராகவே கேட்டுவிடுகிறேன், ஏனென்றால் கேட்பதால் தீங்கில்லை: வாழ்ந்து என்ன பயன் என்றோ, இல்லாமல் போனால் தேவலை என்றோ தோன்றியதுண்டா? ஒரு முறை தோன்றியிருந்தாலும், பரிசோதனை நாளுக்குக் காத்திருக்காமல் இன்றே அந்த எண்ணை அழைத்துப் பேசுங்கள். உங்கள் மனைவியிடமும் சொல்லுங்கள்.

தீபாவளி நெருக்கத்தில் இரவு பதினோரு மணி வரை வேலை ஓடும் நாட்களில் இவற்றில் பாதி நடக்காது. அப்போது தராசை மட்டும் இடம் மாற்றாமல் வைத்திருங்கள்; மற்றவற்றைப் பண்டிகை முடிந்து எடுத்துக்கொள்ளலாம். ஜிம் கட்டணம் போனது போகட்டும். ஏற்காட்டுக்கு மூன்று மாதம் கழித்து, இரத்த அழுத்தமும் இ.சி.ஜி.யும் சரியாக இருந்தால், குடும்பத்தோடு பேருந்தில் போய் ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு வாருங்கள். சைக்கிளைப் பற்றி அதன் பிறகு பேசுவோம். ஆறு வாரம் கழித்து மறுபடி எழுதுங்கள்: பரிசோதனை எண்கள், இடுப்புச் சுற்றளவு, மது இல்லாத இரவுகளில் எத்தனை மணிக்கு விழித்தீர்கள், குறட்டை பற்றி உங்கள் மனைவி என்ன சொன்னார் ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும்.